கேட்டுக்கு உள்ளே அடித்த மேளம்

அன்றைக்குக் காலையில் அந்த வீட்டு வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நகராட்சி வருவாய் அதிகாரி. பெண். வெயில் இல்லை. ஆனாலும் குடையை விரித்துப் பிடித்திருந்தார்.

அவர்கூட பில் கலெக்டர். அரக்கு, துணி, சீல் எல்லாம் அவர் பையில்.

போலீஸ் ஏட்டு ஒருத்தர்.

மாட்டு டாக்டர். நாய்க்கும் அவர்தான்.

நாய் பிடிக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தரிடம் வலை. இன்னொருத்தரிடம் சுருக்குக் கம்பு.

நான். என் தோளில் தப்பு மேளம்.

இரும்பு கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. ஐம்பது வயசு இருக்கும். நைலக்ஸ் புடவை, காலில் செருப்பு இல்லை.

அந்த அம்மா பக்கத்தில் நாய்.

நாயை ஏன் ஆட்களோடு சேர்த்துச் சொல்கிறேன் என்று கேட்கலாம். அங்கே இருந்த எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அது எங்களில் யாரையும் பார்க்கவில்லை.

நான் அரியாங்குப்பம். மேளம் அடிப்பது தொழில். சாவுக்கு அடிப்போம். ஆடித் திருவிழாவுக்கு அடிப்போம். மாதா தேருக்கு முன்னாலும் அடித்திருக்கிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். என்னைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

நகராட்சி ஒரு முடிவு எடுத்தது. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் இருப்பார்கள். வீடு இங்கே கிடக்கும். வரி கட்ட ஆள் இல்லை. கடிதம் போட்டாலும் பதில் வராது. அந்த மாதிரி ஆள் இல்லாத வீடுகளை நகராட்சியே எடுத்துப் பூட்டி சீல் வைப்பது என்று முடிவு. நம்ம ஊரில் அந்த மாதிரி வீட்டுக்குப் பஞ்சமே இல்லை. கால்வாய்க்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்காரர் பகுதிக்குப் போனால், தெருவுக்குத் தெரு இருக்கும். பாதி சொந்தக்காரர்கள் பிரான்சில் இருப்பார்கள்.

சீல் வைப்பதற்கு முன்னால் மேளம் அடித்து ஊருக்குச் சொல்ல வேண்டும். அது பழைய வழக்கம். முதல் மேளம் தெருவில். இரண்டாவது வாசல் படியில். மூன்றாவது கேட்டுக்கு உள்ளே. உள்ளே யாராவது தூங்கிக்கொண்டு இருந்தால்கூட எழுந்து வரட்டும் என்றுதான் அந்த மூன்றாவது. மைக் வைத்துச் சொன்னால் செல்லாதாம். தோலில் தட்டினால்தான் செல்லுமாம். அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த வருஷம் நான் நிறைய வாசலில் அடித்தேன். ஒரு பழைய லாட்ஜ் வாசலில் அடித்தபோது, லுங்கியோடு ஒருத்தன் இறங்கி வந்து ஆட ஆரம்பித்துவிட்டான். காலையிலேயே சரக்குப் போட்டிருந்தான். ஆடிக்கொண்டே யார் வீட்டில் சாவு என்று கேட்டான். "உன் மொதலாளி வூட்லதான்" என்றார் பில் கலெக்டர். அவன் கையைத் தூக்கி இன்னும் நன்றாக ஆடினான்.

மற்றபடி யாரும் ஆடியது இல்லை. மேளம் கேட்டால் பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும். யாராவது எட்டிப் பார்த்துவிட்டு மூடிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

நாய்க்கும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். பாயக்கூடிய பெரிய ஜாதி நாய்க்கு லைசன்ஸ் வேண்டும். தெருவுக்கு வந்தால் வாய்க்கூடு போட வேண்டும். யாராவது புகார் கொடுத்தால் டாக்டர் நேரில் வந்து பார்ப்பார். டாக்டர் கண் முன்னால் ஆள் மேல் பாய்ந்தால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். திருப்பித் தர மாட்டார்கள். அதற்கு அப்புறம் அது எங்கே போகும் என்று யாரும் சொன்னது இல்லை. நானும் கேட்டது இல்லை.

இந்த வீட்டுக்கு இரண்டு உத்தரவும் வந்திருந்தது. வீட்டைப் பூட்ட ஒன்று. நாயைப் பார்க்க ஒன்று. கூரியர் பையன் ஒருத்தன் புகார் கொடுத்திருந்தான். கடிக்கவில்லை. கேட்டின் மேல் பாய்ந்தது, அவன் பைக்கோடு விழுந்தான். வண்டி ஒரு தடவை போனால் போதும் என்று இரண்டு வேலையையும் ஒரே காலையில் வைத்துவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று ஆபீஸில் யாரும் யோசிக்கவில்லை.

அந்த அம்மா கேட்டைத் திறக்காமல் உள்ளே நின்றபடியே அதிகாரியிடம் சொன்னார். குரல் உயரவில்லை. நான் பக்கத்தில் நின்றதால் எல்லாம் காதில் விழுந்தது.

அவர் அந்த வீட்டுச் சமையல்காரர். வீட்டுக்காரப் பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். நாயைக் குட்டியாகக் கொண்டுவந்து வளர்த்ததும் அவர்தான். அவர் செத்துப்போனார். பிள்ளைகள் பிரான்சில் இருந்து வந்து அடக்கம் பண்ணிவிட்டுப் போனார்கள். போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். வாயால் சொன்னதுதான். அதற்கு அப்புறம் போனும் இல்லை, கடிதமும் இல்லை. இவர் இருந்துவிட்டார். பின்கட்டில் ஒரு அறை. மாமரத்தடி பெருக்குவது, சாயங்காலம் விளக்குப் போடுவது, நாய்க்குச் சோறு வைப்பது. வயிற்றுப் பாட்டுக்கு இரண்டு வீட்டில் சமைக்கிறார்.

ரேஷன் கார்டில் பேர் லாஸ்பேட்டையில் தம்பி வீட்டில் இருக்கிறது. அங்கே போய் இருக்க முடியாதா என்று அதிகாரி கேட்டார். தம்பி வீடு ஒரே அறை என்றார் அந்த அம்மா. அந்த ஒரே அறையில் தம்பி பொண்டாட்டியும் இருக்கிறாள் என்பது சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்தது.

ஆகக்கூடி அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்பதற்குக் கையில் காட்ட ஒன்றும் இல்லை. ஆள் இருந்தால் சீல் வைக்க முடியாது. நோட்டீஸ் கொடுத்து, கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். ஆள் இல்லை என்றால் இன்றைக்கே பூட்டு. அந்த அம்மா ராத்திரி எங்கே படுப்பார் என்பது அதில்தான் இருந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. இதைச் சொல்ல வேண்டும். குடையை மடக்கிவிட்டு, சாமான்களை எடுத்துக்கொள்ள நேரம் தருகிறேன் என்றார். முதலில் நாயைப் பிடிக்கட்டும் என்றார்.

அப்போதுதான் நாய் எழுந்து நின்றது.

நாய் என்றால் நான் தெரு நாயைப் பார்த்தவன். சாவு வீட்டுக்குப் பின்னால் சுற்றுகிற நாய்கள். இது அந்த வகை இல்லை. கறுப்பு. கன்னத்திலும் மார்பிலும் செம்பழுப்பு. தலை ஒரு பித்தளைத் தவலை அளவுக்கு இருந்தது. குலைக்கவில்லை. நின்றது, அவ்வளவுதான். வலை வைத்திருந்தவர் வலையைக் கீழே போட்டுவிட்டார்.

ஏட்டு ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"ஏட்டய்யா, லத்திய எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றார் கம்புக்காரர்.

"முதுகு சொறியறதுக்கு" என்றார் ஏட்டு. "நீ போய் உன் வேலையப் பாரு."

கம்புக்காரர் போகவில்லை.

இது என் பேச்சைக் கேட்கும், யாரையும் ஒன்றும் செய்யாது என்றார் அந்த அம்மா. சோறு போடுகிறவர் பேச்சை எந்த நாயும்தான் கேட்கும், அதற்காக நீங்கள் வீட்டு ஆள் ஆகிவிடுவீர்களா என்றார் அதிகாரி.

அதுவரைக்கும் பேசாமல் இருந்த டாக்டர் அப்போது வாய் திறந்தார். "இல்ல மேடம். இந்த ஜாதி சோத்துக்குக் கேக்காது. சோறு வச்ச கையையே கடிச்சி என்கிட்ட வந்திருக்காங்க. வூட்டு ஆளுன்னு ஒருத்தர வச்சிக்கிட்டாத்தான் கேக்கும்."

"வரி ரசீதுல இவங்க பேரு இல்ல. கரண்ட் பில்லு செத்தவர் பேர்ல. நாய் வந்து சாட்சி சொல்லணும்ங்கறீங்களா டாக்டர்?"

"வேற யாரு இருக்கா மேடம்?"

அதிகாரி சிரிக்கவில்லை. கேட்டுக்குக் கிட்டே போனார். பிறகு அந்த அம்மாவிடம் நேராகச் சொன்னார். "எங்க வேலைய நாங்க செய்யறோம். மூணு மேளமும் அடிக்கட்டும். உங்க பேச்சுக்குக் கட்டுப்பட்டு நாய் அசையாம கெடந்தா, இங்க ஆள் குடியிருக்குன்னு எழுதிடறேன். பாய்ஞ்சுதுன்னா நாய் வண்டிக்குப் போவும். வூட்டைப் பூட்டிடுவேன். சம்மதமா?"

அந்த அம்மா நாயைப் பார்த்தார். பிறகு என் தோளில் தொங்கிய தப்பைப் பார்த்தார். சம்மதம் என்று தலையை ஆட்டினார்.

தப்பைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது. தோல் தொய்ந்து கிடக்கும், சத்தம் வராது. தெரு ஓரத்தில் பழைய பேப்பரைப் போட்டுக் கொளுத்தித் தோலைக் காட்டினேன். கன்றுத்தோல். சூடு ஏறினால் ஒரு வாசனை வரும். நமக்கே தெரியும், நாய்க்குத் தெரியாமல் இருக்குமா. அது மூக்கைத் தூக்கியது. அந்த அம்மா அதன் பக்கம் திரும்பாமலே ஒரு வார்த்தை சொன்னார். "கூஷே." நாய் உடனே முன்கால் நீட்டிப் படுத்தது. இன்னொன்று சொன்னார். "பூஜ் பா." படு, அசையாதே என்று அர்த்தம். பெரியவர் பிரெஞ்சில் பழக்கியிருந்தார். அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. நாயிடம் பேச எத்தனை வார்த்தை வேண்டுமோ அத்தனை தெரியும்.

முதல் மேளம் தெருவில் அடித்தேன்.

அந்தத் தெரு அமைதியான தெரு. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர். சத்தம் வெளியே போகாமல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வந்தது. மாமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. தெருமுனையில் படுத்திருந்த நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடின. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சைக்கிளை நிறுத்திவிட்டு போன் எடுத்துப் படம் பிடித்தாள். ஏட்டு ஜீப்புக்குப் பின்னால் இருந்தே கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னார்.

கேட்டுக்குள்ளே பார்த்தேன். நாய்க்குக் காது மட்டும் அசைந்தது.

இரண்டாவது வாசல் படியில். எனக்கும் அதற்கும் நடுவில் கம்பி கேட்டுதான். அடிக்க அடிக்கக் கேட்டுக் கம்பிகளே அதிர்ந்தன. நாய் உதடு ஒரு பக்கம் தூக்கியது. பல் தெரிந்தது. அப்புறம் அதுவாகவே மூடிக்கொண்டது.

மூன்றாவதுக்கு உள்ளே போக வேண்டும்.

யார் கேட்டைத் திறப்பது என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டோம். அந்த அம்மாவே தாழ்ப்பாளை எடுத்துத் திறந்தார். "வாங்கண்ணே" என்றார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதிரி வீடுகளுக்கு நான் எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறேன். தெருவில் நிற்போம். அடிப்போம். பிணம் வெளியே வரும், முன்னால் நடப்போம். கேட்டைத் திறந்து உள்ளே வாங்க என்று என்னை யாரும் கூப்பிட்டது இல்லை.

உள்ளே போனேன். டாக்டர் என் பின்னால் வந்தார். மற்றவர்கள் கேட்டோடு நின்றுவிட்டார்கள். நாய்க்கும் எனக்கும் ஒரு பாய் விரிக்கிற இடம்தான் இருந்தது.

எனக்குப் பயம் இருந்தது. ஆனால் அந்த அம்மா படுக்கப்போகிற இடம் என் கையில் இருக்கிறதே என்றும் இருந்தது. குச்சியைத் தளர்த்திப் பிடித்தேன். தோலின் நடுவில் தட்டாமல் ஓரத்தில் லேசாகத் தட்டினால் சத்தம் வரும், அதிர்ச்சி இருக்காது. மேளம் தெரியாதவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அப்படி அடித்துவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு தட்டு தட்டினேன்.

அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"அண்ணே, நல்லா அடிங்க" என்றார். "மெதுவா அடிச்சதாலதான் கெடந்துச்சின்னு நாளைக்கி ஒரு பேச்சு வரக் கூடாது."

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. நாயைப் பிடிக்கவில்லை. சங்கிலியும் இல்லை. காலில் மட்டும் ஒரு நடுக்கம், புடவைக் கரை ஆடியது.

சரி என்று அடித்தேன். சாவுக்கு அடிக்கிற அடி. பிணத்தைத் தூக்கும்போது அடிக்கிற அடி. அந்த அடிக்கு அதுவரைக்கும் அழாத ஆம்பளைகள் அழுவார்கள். குழந்தைகள் அலறும். மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அந்த அடிக்கு அசையாத உயிரை நான் பார்த்தது இல்லை.

நாய் படுத்துக்கிடந்தது.

சும்மா படுத்துக்கிடந்தது என்று நினைக்க வேண்டாம். அதன் உடம்பு முழுக்கத் தோல் ஓடியது. குளத்தில் காற்று அடித்தால் தண்ணீர் ஓடுமே, அந்த மாதிரி. முதுகில் மயிர் நட்டுக்கொண்டு நின்றது. பின்கால் தரையைப் பிறாண்டியது. வாயில் இருந்து எச்சில் நூல் மாதிரி இறங்கித் தரையைத் தொட்டது. அதற்கு என் மேல் பாய வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பாயவில்லை. கண் மட்டும் அந்த அம்மா மேலேயே இருந்தது. அந்த அம்மா அதைப் பார்க்கவில்லை. தப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆள் நடுங்கியபடி நின்றார், நாய் நடுங்கியபடி கிடந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ கயிறு இருந்த மாதிரி இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கயிறு.

அப்போது இடது கைக் குச்சி முறிந்தது. மூங்கில் சிம்பு அது, மெல்லிசு. முறிந்த துண்டு தெறித்து நாயின் மூக்கில் பட்டு, இரண்டு முன்காலுக்கும் நடுவில் விழுந்தது.

நான் நிறுத்திவிட்டேன். எல்லாம் நின்றுவிட்டது. டாக்டர் என் சட்டையைப் பின்னால் இருந்து பிடித்தார். இழுக்கவா, தனக்குப் பிடிமானத்துக்கா தெரியவில்லை.

நாய் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. அந்த அம்மாவைப் பார்த்தது. அந்த அம்மா உதடு அசையவில்லை. நாயும் அசையவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, குனிந்தேன். அந்தத் துண்டை எடுத்தேன். அதன் மூச்சு என் கை மேல் பட்டது, உலை மாதிரி சூடு. அவ்வளவு பெரிய வாய், என் கைக்கு அவ்வளவு கிட்டத்தில். துண்டோடு நிமிர்ந்தேன். என் தொழிலில் நான் நிறைய பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். செத்த பிறகு பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முன்னால் வராத மரியாதை அன்றைக்கு அந்த நாய்க்கு முன்னால் வந்தது. கும்பிடவில்லை. கும்பிட்டிருந்தாலும் தப்பு இல்லை.

வலது கைக் குச்சியை வைத்து மீதி மேளத்தை அடித்து முடித்தேன். முறையாக முடிக்க வேண்டும் இல்லையா.

டாக்டர் குனிந்து நாயின் மூக்கைப் பார்த்தார். லேசாக ரத்தம் கசிந்திருந்தது. பஞ்சு வைத்துத் துடைத்தார். அதற்கும் கிடந்தது. எழுந்து அதிகாரியிடம், "இது ஆபத்துன்னு என்னால எழுத முடியாது மேடம்" என்றார். லைசன்ஸுக்கு அவரே எழுதித் தருவதாகச் சொன்னார்.

அதிகாரி கேட்டுக்கு உள்ளே வந்தார். முதல் தடவையாக உள்ளே வந்தார். சொந்தக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும், விசாரணைக்குக் கூப்பிடுவோம், அதுவரைக்கும் இங்கேயே இருக்கலாம் என்றார். விசாரணையில் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ரொம்பத் தயங்கி ஒன்று கேட்டார்.

"மேடம், இப்ப எழுப்பிடட்டுமா?"

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் பேசுகிறோம், எழுதுகிறோம், ஏட்டு டீ சொல்லி அனுப்புகிறார். நாய் இன்னும் அப்படியே கிடந்தது. யாருக்கும் அது ஞாபகம் இல்லை.

எழுப்புங்க என்றார் அதிகாரி. குரல் கொஞ்சம் மாறியிருந்தது. அந்த அம்மா "அலே" என்றார். நாய் எழுந்தது. யார் மேலும் பாயவில்லை, அந்த அம்மா காலையும் நக்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய் அங்கே இருந்த அலுமினியச் சட்டியில் தண்ணீர் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் எல்லாரும் நின்று அதைப் பார்த்தோம். கம்புக்காரர் கம்பை வண்டியில் வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

பில் கலெக்டர் அரக்குப் பையை மூடினார். பூட்டாத வீடு என்று அடையாளம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருகிற ஆட்கள் தெரியாமல் பூட்டிவிடுவார்கள் என்றார். சட்டைப் பையில் இருந்து சாக்பீஸ் எடுத்து, நிலைக்கதவில் குடியிருப்பவர்கள் என்று எழுதினார். எழுதிவிட்டு அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தன பேரு போடட்டும் மேடம்?"

"அவங்களையே கேளுங்க" என்றார் அதிகாரி.

அந்த அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார். பில் கலெக்டர் அந்த எண்ணைப் பெரிதாக எழுதினார். தெருவில் இருந்தே தெரிந்தது.

1